ஒரே இடத்தில் நின்ற காருக்கு இரண்டு அபராதம்: ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
வடக்கு மாட வீதிக் குடியிருப்பாளர்
(பெயர், கதவு எண், வாகனப் பதிவு விவரங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர் அவர்கள்

பொருள்: தேர்த் திருவிழா நாளில் என் காருக்கு விதிக்கப்பட்ட இரண்டு அபராதங்களை ரத்து செய்யவும், இனிவரும் திருவிழாக்களில் நிறுத்தத் தடையை முன்கூட்டியே அறிவிக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேரோட்டத்துக்கு முந்தின நாள் இரவு என் காரை வழக்கம்போல் எங்கள் வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தியிருந்தேன். அப்போது அந்த இடத்தில் தடைப் பலகையோ தடுப்போ எதுவும் இல்லை. மறுநாள் காலை 6.12 மணிக்கு, தடை செய்யப்பட்ட இடத்தில் வாகனம் நிறுத்தியதாக 500 ரூபாய் அபராதம் என்று கைப்பேசிக்கு இ-சலான் வந்தது. பதறிப்போய் வெளியே வந்து பார்த்தபோது வீதியின் இரு முனைகளிலும் தடுப்புகளை வைத்து அடைத்திருந்தார்கள். காரை வெளியே எடுத்துச் செல்கிறேன் என்று பணியில் இருந்த காவலரிடம் கேட்டேன். தேர் நிலைக்கு வரும்வரை எந்த வண்டியையும் நகர்த்த முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னபடி இருந்தேன். 8.05 மணிக்கு அதே காருக்கு இரண்டாவது இ-சலான் வந்தது. இந்த முறை 1,500 ரூபாய், மீண்டும் செய்த குற்றம் என்ற பெயரில்.

அதன் பிறகு வந்த காவல் ஆய்வாளர் நிலைமையைக் கேட்டறிந்து, காரைத் தள்ளிச் சந்துக்குள் ஒதுக்கச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கைகொடுக்க உடனே ஒதுக்கினோம். என் காரால் தேர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை என்பதை அந்த ஆய்வாளரிடமே தாங்கள் கேட்டறியலாம்.

இரண்டு சலான்களிலும் உள்ள புகைப்படங்களைத் தாங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். முதல் படத்தில் காரும் மின்கம்பமும் எதிர்வீட்டுத் திண்ணையும் தெளிவாகத் தெரிகின்றன, பலகை இல்லை. இரண்டாவது படத்தில் அதே மின்கம்பத்தில் 'நோ பார்க்கிங்' பலகை கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே முதல் அபராதம் விதிக்கப்பட்ட பிறகுதான் பலகையே வந்திருக்கிறது. இதற்கு நான் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை, துறையின் படங்களே போதும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 115-ஆவது பிரிவு வாகனங்களுக்குத் தடையோ கட்டுப்பாடோ விதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் அறிவிக்கத் தேவையில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் சூழ்நிலைக்கு இயன்ற அளவில் உள்ளூரில் விளம்பரம் செய்தாக வேண்டும் என்று அதனுடனேயே நிபந்தனை விதிக்கிறது. 116-ஆவது பிரிவும், இத்தகைய தடைகளைப் பொதுமக்கள் அறியச் செய்வதற்காகவே போக்குவரத்துக் குறியீடுகளை வைக்கச் சொல்கிறது. தேரோட்டம் திடீரென்று வருவதல்ல. கொடியேறும் முன்பே பத்திரிகை அடித்து, தேர் எந்த நாள், எத்தனை மணிக்கு வடம் பிடிப்பது என்று கோயிலில் அறிவித்துவிடுகிறார்கள். மதுரை சித்திரைத் திருவிழாவுக்கும் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவுக்கும் போக்குவரத்து மாற்றங்களைக் காவல்துறை முன்னதாகவே நாளிதழ்களில் அறிவிக்கிறது. எங்கள் வீதிக்கு முந்தின நாள் மாலை ஒலிபெருக்கி கட்டிய ஓர் ஆட்டோ வந்து சொல்லியிருந்தால் போதும், ஒரு வண்டிகூட நின்றிருக்காது.

இரண்டாவது அபராதம்தான் எனக்குப் பெரும் மனவேதனை தருகிறது. 177-ஆவது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு 500 ரூபாய், அடுத்தடுத்த குற்றங்களுக்கு 1,500 ரூபாய் என்பது 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த உயர்வு. தண்டனை பெற்றும் திருந்தாதவர்களுக்கானது அந்தக் கூடுதல் தொகை. இரண்டு சலான்களுக்கும் இடையில் என் கார் இடத்தை விட்டு நகரவே இல்லை. நகர்த்தக் கூடாது என்று சொன்னதும் காவல்துறைதான். ஒரே இடத்தில் அசையாமல் நின்ற வண்டியின்மேல் இரண்டு மணி நேரத்துக்குள் 'மீண்டும் செய்த குற்றம்' எப்படி உருவாகும்? ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு 2,000 ரூபாய் சிறு தொகை அல்ல. அதைவிட, இதுவரை எந்த விதிமீறலும் இல்லாத என் வாகனத்தின் பெயரில் ஒரே காலையில் இரண்டு குற்றங்கள் பதிவாகி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வீதியின் வீடுகள் கார்கள் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. திண்ணை, ரேழி, முற்றம் உண்டு, வண்டி நிறுத்துமிடம் இல்லை. வாசலை விட்டால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. தேருக்கு வழிவிட மாட்டோம் என்று இங்கே ஒருவரும் சொல்ல மாட்டார்கள், தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு மோர் கொடுத்து வளர்ந்த வீதி இது. எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதை மட்டும் முன்னதாகச் சொல்லுங்கள் என்றே கேட்கிறோம்.

ஆகவே, இரண்டு சலான்களையும் ரத்து செய்து உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இனிவரும் திருவிழாக்களில் தடை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எழுதிய பலகைகளை முந்தின நாளே வைக்கவும், அந்த இரவுகளில் மாட வீதிக் குடியிருப்பாளர்கள் வாகனங்களை நிறுத்த அருகிலுள்ள அரசுப் பள்ளி மைதானத்தைக் கல்வித்துறையிடம் பேசித் திறந்துவிடவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். நீதிமன்றத்தை நாடும் உரிமை எனக்கு உண்டு என்பதை அறிவேன். படங்களைப் பார்த்தாலே தீர்ந்துவிடும் விஷயம் என்பதால் முதலில் தங்களிடம் வந்திருக்கிறேன். தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன். இரு சலான்களின் நகல்களும் பதிவுச் சான்றின் நகலும், குடியிருப்புச் சான்றாக மின்கட்டண ரசீதும் இத்துடன் உள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
வடக்கு மாட வீதிக் குடியிருப்பாளர்