பெய்ஜிங் முற்ற வீடுகளில் தொடர்ந்து குடியிருக்க விரும்புவோருக்காக ஒரு திறந்த மடல்

பெய்ஜிங் பழைய நகரத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2024 ஜூலையில் புது தில்லியில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, பழைய நகரின் நடுவே வடக்கு தெற்காக நீளும் மைய அச்சைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, டோங்செங் பகுதியின் ஹூட்டோங் சந்து ஒன்றில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருந்தவன் என்ற முறையில் மனம் நிறைந்தேன். அந்த உரிமையில்தான் சந்துகளிலுள்ள சிஹெயுவான் எனப்படும் முற்ற வீடுகளுக்காக எழுதுகிறேன்.

நாற்புறமும் கட்டடம், நடுவே முற்றம் என்ற அந்த அமைப்பில் குடும்பத்தின் வரிசைமுறையே அடங்கியிருக்கிறது. தெற்கு நோக்கி வெயில் வாங்கும் வடக்குக் கட்டு மூத்தோருக்கு; கிழக்குக் கட்டு மூத்த மகனுக்கு; மேற்குக் கட்டு இளையவனுக்கு. தென்கிழக்கு மூலையில் உள்ள தெருவாசலில் நுழைந்ததும் மறைப்புச் சுவர் எதிர்ப்படும். தீய ஆவிகளைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு, வீட்டுச் சங்கதி தெருவுக்குத் தெரியக் கூடாது என்ற எண்ணமும் அதன் பின்னால் உண்டு. பெண்கள் இரண்டாம் வாசலைத் தாண்டாமல் வளர்க்கப்பட்டதும் இதே ஒழுங்கின் பெயரால்தான். அதை நான் போற்றவில்லை.

1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்த பிறகு ஒரே வீட்டைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. நான் இருந்த வீட்டின் முற்றத்தில் சமையல் கொட்டகைகள் முளைத்து, ஓர் ஆள் நடக்கும் வழிதான் மிஞ்சியிருந்தது. ஆனாலும் பிள்ளைச் செல்வத்தின் அடையாளமான மாதுளையை எவரும் வெட்டவில்லை. அதன் அடிமரத்தைச் சுற்றியே கொட்டகைச் சுவரை வளைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்து அறைப் பாட்டியோ, உறைபனி இரவுகளிலும் சந்துக் கோடியிலுள்ள பொதுக் கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்.

கட்டடக்கலை அறிஞர்கள் லியாங் சிசெங், லின் ஹுயின் இணையர் 1930களில் வாழ்ந்த முற்ற வீடு இடிக்கப்பட்ட செய்தி 2012 தொடக்கத்தில் வெளிவந்து, பெரும் கண்டனம் எழுந்தது. பழைய நகரில் இனி இடிப்பு கூடாது என்ற நிலைப்பாட்டுக்கு நீங்கள் வந்திருப்பதை வரவேற்கிறேன். ஆயினும் குடியிருப்போர் வெளியேறிவிட, சாம்பல் நிறச் செங்கல் மட்டும் புதுப்பொலிவு பெற்று விடுதியாகவோ தேநீர்க்கடையாகவோ மாறும் வீட்டைக் காக்கப்பட்ட வீடு என்று என்னால் சொல்ல இயலவில்லை.

வாடகை உரிமையை விட்டு வெளியேற விரும்புவோருக்கு உரிய இழப்பீட்டைக் கொடுங்கள். தங்க விரும்புவோரின் அறைகளுக்கு, முகப்பு வேலைகளைத் தொடங்குமுன், கழிவுநீர்க் குழாயும் கழிப்பறையும் அமைத்துத் தாருங்கள். எந்தக் கொட்டகையை அகற்றுவது என்பதை அந்தந்த முற்றத்தில் வாழ்வோரை உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள்.

மதிப்புடன்,
முன்னாள் ஹூட்டோங் வாடகைதாரர் ஒருவர்