சொல்லும் சேதியும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், திரை வழியே மட்டும் பழகினாலும் ஆண்டு முழுக்கக் கூடவே இருந்த உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வட்டத்துக்கு வேலை இரண்டு: பிடித்த சொல்லைப் பகிர்வது, அன்றாடச் சேதியைப் பகிர்வது. முன்பு இவை தனித்தனியாக நடந்தன. காலையில் சொல் வரும், மாலையில் சேதி வரும், ஒன்றுக்கும் மற்றதற்கும் பேச்சுவார்த்தை இராது. இந்த ஆண்டின் தொடக்கத்தில் இரண்டையும் ஒன்றாக்கினோம். சொல் தருகிறவர் அதைத் தம் அன்றைய சேதிக்குள் வைத்தே தர வேண்டும் என்பது விதி. ஆண்டில் நடந்த மற்ற மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. அதனால் அறிக்கையும் பெரும்பாலும் இதைப் பற்றியே இருக்கும்.

சொல்லும் பொருளும் மட்டும் வந்தால் படிக்கிறவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ‘அருமை’ என்று எழுதலாம், அத்தோடு சரி. ‘காலதர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி, அதாவது சன்னல். சிலப்பதிகாரத்தில் வரும் சொல். இதை இப்படியே அனுப்பினால் பாராட்டு வரும், சொல் அங்கேயே உறங்கிவிடும். அதையே, ‘காலதரைச் சாத்த மறந்து தூங்கிவிட்டேன், விடிய விடியச் சாரல் அடித்து மேசைமேல் இருந்த புத்தகம் அட்டையோடு ஊறிப்போனது’ என்று எழுதினால் பேச்சு தொடங்குகிறது. ஒருவர் புத்தகத்தைக் காப்பாற்ற வழி சொல்வார்: வெயிலில் காயவைத்தால் தாள் நெளிந்துவிடும், பத்து இருபது பக்கத்துக்கு ஒன்றாக உறிஞ்சுதாளை இடையில் வைத்து, அவ்வப்போது மாற்றி, ஓரளவு உலர்ந்ததும் நிமிர்த்தி நிறுத்தி மின்விசிறிக் காற்றில் விட வேண்டும். இன்னொருவர், சிறு துளிகளாக மெல்ல விழுவது தூறல், காற்று சாய்த்துக்கொண்டு வருவது சாரல், ஆகவே அது சாரல்தான் என்று உறுதி செய்வார். மூன்றாமவர், சன்னல் போர்த்துக்கீசிய ‘ஜனேலா’விலிருந்து வந்தது, அந்த வாக்கியத்தில் உள்ள மேசையும் ‘மேசா’ என்ற போர்த்துக்கீசியச் சொல்தான் என்பார். ஆங்கில ‘விண்டோ’வின் வேர் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ என்று பொருள்படுவதும் அதோடு சேர்ந்து வரும். காற்றையும் திறப்பையும் சேர்த்துச் சொல் செய்யும் எண்ணம் இரண்டு மொழிக்கும் தனித்தனியே தோன்றியிருப்பதை நினைத்தால் இப்போதும் மனம் சிலிர்க்கிறது. இத்தனைக்கும் நடுவில் காலதர் நாலைந்து முறை புழங்கிவிடுகிறது. மறுநாள் யாரேனும் ‘காலதர் திறந்தே இருக்கிறது’ என்று இயல்பாக எழுதினால் அந்தச் சொல் குடியேறிவிட்டது என்று பொருள்.

நடைமுறை வருமாறு. சொல் ஒன்று மட்டும். சேதி நான்கு வரிக்குள். வாக்கியம் சொந்த வாக்கியமாக இருக்க வேண்டும், அகராதி மேற்கோளாக இருக்கக் கூடாது. பொருளைச் சேதியின் கீழே தனி வரியில் போட வேண்டும்; மேலே போட்டால் படிப்பவர் ஊகிக்கும் இன்பம் போய்விடுகிறது. வாரம் முடிவதற்குள் வேறு இருவராவது அந்தச் சொல்லைத் தம் சேதியில் எடுத்தாண்டால் அது நம் சொற்கோப்பில் ஏறும். எடுத்தாளப்படாத சொல்லைத் தள்ளிவிடுவதில்லை. தந்தவர் வேறொரு சேதியோடு இன்னொரு முறை கொண்டுவரலாம். முதல் முறை தோற்ற சொற்களில் குறை பெரும்பாலும் சேதியில்தான் இருந்தது. சொல்லுக்காகச் சேதியைச் சோடித்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

சொல்லைச் சரிபார்த்தல்

இதில்தான் அதிகம் உழைத்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்தது. பழஞ்சொல்லுக்கு அதுவே நமக்கு முதல் வாசல். இன்றைய வழக்குக்கு 1992-இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்க்கிறோம். இரண்டையும் பார்ப்பது ஏன் என்றால், ஒரு சொல் முன்பு என்னவாக இருந்தது என்பதும் இப்போது என்னவாக இருக்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

‘அகராதியில் இல்லை’ என்று வந்த புகார்களில் பல, தேடிய முறையால் வந்தவை. ‘நின்றேன்’ என்று தேடினால் கிடைக்காது, ‘நில்’ என்று தேட வேண்டும். ‘தந்தேன்’ என்பதற்குத் ‘தா’. காலம் காட்டும் இடைநிலையையும் விகுதியையும் கழற்றிவிட்டு, விகாரப்பட்ட பகுதியைத் திருத்தி, அதன்பின் தேடுங்கள். லெக்சிகனில் வினைகள் ‘தல்’, ‘த்தல்’ ஈற்றோடு இருக்கும். நனைதல் ஒரு தலைச்சொல், நனைத்தல் இன்னொரு தலைச்சொல். மழை நம்மை நனைத்தது, நாம் நனைந்தோம். ஓர் ஒற்று மாறினால் செய்தவரும் பட்டவரும் இடம் மாறிவிடுவார்கள்.

பொருளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கும் சுருக்கக் குறிப்பையும் தவறாமல் பாருங்கள். ‘குறள்’, ‘சிலப்.’ என்று இருந்தால் அந்தச் சொல் ஓர் இலக்கிய வரியில் வாழ்ந்திருக்கிறது. அந்த வரியைப் பார்த்து அது எந்தச் சொல்லோடு கூடி வருகிறது என்று கற்கலாம். ‘பிங்.’, ‘திவா.’ என்று மட்டும் இருந்தால் பிங்கலம், திவாகரம் என்னும் நிகண்டுகளே அங்கே சான்று. நிகண்டு ஒரு பொருளுக்குப் பல பெயர்களை அடுக்கித் தருமே தவிர, வாக்கியத்தில் வைத்துக் காட்டாது. அப்படிப்பட்ட சொல்லைத் தரக் கூடாது என்பதில்லை. ‘நிகண்டுச் சொல்’ என்று ஒரு குறிப்புப் போட்டுத் தாருங்கள். வாக்கியத்தில் அது எப்படி நடக்கும் என்று எல்லோரும் சேர்ந்து முயலலாம்.

பொருள் மாறிய சொற்கள் இன்னொரு தொல்லை. திருக்குறளின் 31-ஆம் அதிகாரம் வெகுளாமை. அங்கே வெகுளி என்றால் சினம். இன்று வெகுளி என்றால் கள்ளமறியாதவர். பழம்பொருளில் ‘இன்று எனக்கு ஒரே வெகுளி’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். ‘வெகுளியில் குரல் உயர்ந்துவிட்டது, பிறகு மன்னிப்புக் கேட்டேன்’ என்றால் வாக்கியமே பொருளைக் காட்டிக்கொடுக்கும். பழம்பொருளுக்கு இப்படி ஒரு தடயம் கட்டாயம் என்று செயற்குழு முடிவு செய்தது.

நேரம் குறிக்கும் சேதியில் மட்டும் பழஞ்சொல்லே வேண்டாம். ‘எற்பாடு’ அழகான சொல். எல் என்றால் ஞாயிறு. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு உரிய பொழுதாக அதைச் சொல்கிறது. ஆனால் பாடு என்பதை மறைதல் என்று கொண்டவர்களும் உண்டு, தோன்றுதல் என்று கொண்டவர்களும் உண்டு. ‘எற்பாட்டில் பேசலாம்’ என்று எழுதினால் பாதிப் பேர் காலையில் வருவார்கள், மீதிப் பேர் மாலையில் வருவார்கள். சந்திப்பு நேரத்தை எண்ணில் எழுதி, சொல்லை அதன்பின் அழகுக்குச் சேருங்கள்.

பூவின் ஏழு பருவங்கள் என்று அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனச் சுற்றிவரும் பட்டியல் இந்த ஆண்டும் வந்தது, ஒவ்வொரு முறையும் சற்று வேறு வரிசையில். நனை, போது என்ற சொற்கள் இடையில் நுழைவதும் உண்டு. பட்டியலாக ஏற்பதை நிறுத்திவிட்டு, ஏழையும் ஏழு பேரிடம் பிரித்துக் கொடுத்தோம். ஒருவருக்கு ஒரு சொல், ஒரு செடி, ஒரு சேதி. பட்டியலில் ஒன்றுபோல் தோன்றும் முகையும் அலரும் செடிக்குப் பக்கத்தில் நின்று எழுதும்போது தூரம் விலகி நிற்கின்றன. இதழ்கள் இன்னும் கூம்பியிருந்தால் முகை, நன்றாக விரிந்து பரந்திருந்தால் அலர். வீ உதிரும் பூ, செம்மல் வாடிய பழம்பூ. மொட்டும் முகையும் எங்கே பிரிகின்றன என்பதில் மட்டும் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஓய வேண்டியதும் இல்லை.

தட்டச்சில் வரும் பிழைகள்

சொற்கோப்பில் ஒரே சொல் இரண்டு இடத்தில் ஏறியிருந்ததையும், கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் அகப்படாததையும் ஆராய்ந்தோம். பெருங்குற்றவாளி ஔகாரம். ‘ஔ’ ஓர் எழுத்து. கணினியின் எழுத்துக்குறியீடான ஒருங்குறியில் (யூனிகோடு) அதற்குத் தனி இடம் உண்டு. ‘ஒ’ தட்டி அருகில் ‘ள’ தட்டினாலும் கண்ணுக்கு அதேபோலத்தான் தெரியும், ஆனால் கணினிக்கு அவை இரண்டு எழுத்து. அகரவரிசைப்படுத்தும்போது அந்தச் சொல் ஒகரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சோதிக்க எளிய வழி உண்டு. ‘பௌர்ணமி’யில் முதல் எழுத்தின் முடிவில் சுட்டியை வைத்து ஒருமுறை பின்னழியுங்கள். ‘ப’ மிஞ்சினால் சரியாகத் தட்டியிருக்கிறீர்கள். ‘பெ’ மிஞ்சினால் அங்கே இருந்தது ளகரம்.

அடுத்தது காலும் ரகரமும். ‘கா’வை ‘கர’ என்று தட்டினால் சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. தமிழ் எண்களும் இப்படித்தான்: எகரத்துக்குப் பதில் ஏழைக் குறிக்கும் எண், ககரத்துக்குப் பதில் ஒன்றைக் குறிக்கும் எண் விழுந்துவிடும். எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட, சொல்லைத் தேடல் பெட்டியில் புதிதாகத் தட்டித் தேடிப் பார்ப்பது நம்பகமானது. பேச்சைக் கேட்டு எழுதும் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் லகர, ளகர, ழகரங்களையும் ரகர, றகரங்களையும் அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள். கைப்பேசி பழஞ்சொல்லை அறியாது; தனக்குப் பழகிய பக்கத்துச் சொல்லாக மாற்றிவிடும். தரப்போகும் சொல்லைக் கைப்பேசியின் தனிச் சொற்பட்டியலில் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சேதி

‘நேற்று’, ‘நாளை’ என்ற சொற்கள் நம் வட்டத்தில் ஆபத்தானவை. உறுப்பினர்கள் வேறு வேறு நேர மண்டலங்களில் இருக்கிறார்கள், சிலர் மூன்று நாள் சேதியைச் சேர்த்துப் படிக்கிறார்கள். ‘நாளை அறுவை சிகிச்சை’ என்பதைப் படிக்கும்போது அது முடிந்ததா, இனித்தானா என்று தெரியாமல் கலங்கிப்போகிறார்கள். கிழமையும் தேதியும் போட்டு எழுதுங்கள்.

என்ன பதில் வேண்டும் என்பதையும் கடைசி வரியில் சொல்லிவிடுங்கள். சும்மா சொன்னேன், யோசனை வேண்டும், உதவி வேண்டும் என்று மூன்றில் ஒன்று போதும். சும்மா சொன்னவருக்கு யோசனை குவிந்தால் எரிச்சல் வருகிறது. உதவி கேட்டவருக்கு ஆறுதல் மட்டும் வந்தால் மனம் ஒடிகிறது.

கைகூப்பும் படத்தைப் பதிலாக இடுவது பற்றி ஆண்டு நடுவே நீண்ட விவாதம் நடந்தது. இரங்கலுக்கும் அதே படம், நன்றிக்கும் அதே படம், பரிசு வாங்கிய சேதிக்கும் அதே படம். சொல்லை நேசிக்கிறவர்கள் கூடிய இடத்தில் துக்கத்துக்காவது ஒரு சொல் எழுத வேண்டும் என்று முடிவானது. ‘உடன் இருக்கிறோம்’ என்ற இரண்டு சொல் எத்தனை படத்தையும்விடக் கனமானது என்பதே செயற்குழுவின் கருத்து. துக்கச் சேதி வந்த பிறகு இருபத்துநான்கு மணி நேரம் புதுச் சொல் எதுவும் வராது. துக்கச் சேதி மேலே தள்ளப்பட்டுப் பார்வையிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்பதற்காக.

பிறருடைய நோய், வேலை இழப்பு, மணமுறிவு ஆகியவற்றைச் சம்பந்தப்பட்டவர் சம்மதமில்லாமல் பகிரக் கூடாது, அவர் நம் உறுப்பினராகவே இருந்தாலும். படங்களைக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடம் பற்றிய குறிப்பும் சேர்ந்தே போகக்கூடும். வீட்டுக்குள் எடுத்த படத்தை அப்படி அனுப்ப வேண்டாம். பலமுறை கைமாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு வருபவை சேதி ஆகா. நம் வட்டத்தில் சேதி என்பது தன் கண்ணால் கண்டது, தன் வீட்டில் நடந்தது.

இரண்டு வாரம் ஒருவர் பேசாமல் இருந்தால் பொதுவில் ‘எங்கே காணோம்’ என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அது அழைப்பாக இல்லாமல் விசாரணையாகத் தோன்றுகிறது. அவரோடு அதிகம் பேசியவர் ஒருவர் மட்டும் தனியாக ஒரு வரி எழுதுவார். ‘பதில் எழுத வேண்டியதில்லை’ என்றும் சேர்த்து எழுதுவார். பதில் எழுதும் கடமை நீங்கியதும்தான் பலரால் எழுத முடிகிறது.

சந்தா வசூலிப்பதில்லை என்பதால் வரவு செலவு இல்லை. சொற்கோப்பின் நகல் மூன்று உறுப்பினர்களிடம் தனித்தனியே உள்ளது. மாதக் கடைசி நாளில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். ஒன்று, சொற்கோப்பில் ஒவ்வொரு சொல்லோடும் அது முதலில் வந்த சேதியையும் தந்தவர் சம்மதத்தோடு சேர்த்து வைப்பது. பொருள் அகராதியில் கிடைத்துவிடும், அந்தச் சேதி வேறெங்கும் கிடைக்காது. இரண்டு, இரட்டைக்கிளவிகளுக்கு ஒரு மாதம் ஒதுக்குவது. சலசல, மளமள, கிசுகிசு போன்றவை பிரித்தால் பொருள் தராதவை. சேதிக்குள் வைத்தால் ஒழிய அவற்றை விளக்கவே முடியாது என்பதால் நம் விதிக்கு அவை பொருத்தமான சோதனை.

சரிபார்ப்புப் பணியை முகம் சுளிக்காமல் செய்த உறுப்பினர்களுக்கு நன்றி. முன்மொழிவுகள் மீதான கருத்துகளை, கிழமையும் தேதியும் குறித்து, பொதுக்குழுவுக்கு முன் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்