ஐந்து மணி விழிப்புக்கு ஒரு வேலை

பினாங்கு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மனம் கேட்கவில்லை, உடனே எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். மகள் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்து செந்தூலில் அறை எடுத்திருக்கிறாள். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நான் இப்போது வாரம் தவறாமல் ரொட்டி சுடுகிறேன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு வீட்டோடு இருந்தபோது பிடித்த பழக்கம், விடவே இல்லை. சனிக்கிழமை இரவு பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு மாவு பிசைய நிற்பேன். ரொட்டி மாவு, தண்ணீர், உப்பு, கொஞ்சம் ஈஸ்ட், அவ்வளவுதான். முதலில் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். பிசையப் பிசைய அது அடங்கி வழவழப்பாகும். ஒரு துண்டைக் கிள்ளி மெதுவாக இழுத்தால் கிழியாமல் சவ்வு மாதிரி விரிய வேண்டும், விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொட முடியாது. பகலில் யார் என்ன சொன்னார்கள் என்ற நினைப்பும் வராது. எனக்கு வேறெதிலும் இந்த நிம்மதி கிடைத்ததில்லை சாந்தி.

நம் ஊர்ப் புழுக்கத்தில் மாவு வெளியே இருந்தால் ஒரு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். அதனால் மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். அப்படி இரவெல்லாம் புளித்த மாவில்தான் ரொட்டிக்கு நல்ல மணம் வரும். காலையில் எடுத்து உருட்டி, மறுபடி உப்பவிட்டுச் சுட வேண்டும். ஐந்து மணிக்கு எழுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா, சொல்? பசியாற நேரம் வருவதற்குள் வீடெல்லாம் மணக்கும். முந்தைய நாள் மீன்குழம்பு இருந்தால் இன்னும் விசேஷம். கடையில் எங்கள் பினாங்குக்கே உரிய பெங்காலி ரொட்டி வாங்குவதையும் நான் நிறுத்தவில்லை, அந்த ருசி வேறு.

தீபாவளிக்கு சூஜி கேக்கும் செய்கிறேன். ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்து யுரேசியர் வீடுகளில் கொண்டாட்டத்துக்குச் செய்கிற ரவை கேக். ரவையை இளகிய பட்டரில் கலந்து முதல்நாளே ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் நறநறவென்று இருக்கும். மஞ்சள்கரு தாராளமாக, அரைத்த பாதாம் கொஞ்சம். சிலர் பிராந்தி சேர்ப்பார்கள். மது சேராத பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கும் கொடுப்பதால் நான் அதற்குப் பதில் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுகிறேன்.

இவ்வளவு நன்றாக வருகிறதே, ஆர்டர் எடுக்கலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு வேண்டாம். ஆர்டர் என்று வந்துவிட்டால் நேரம், கணக்கு, வாங்குகிறவர் முகம், எல்லாம் பார்க்க வேண்டும். சுட்டதை நான்கு வீட்டுக்குக் கொடுக்கும் சந்தோஷம் எனக்குப் போதும். நீயும் தொடங்கினால் இப்படியே வைத்துக்கொள்.

அவசரப்பட்டு ஓவன் வாங்கிவிடாதே. ஈப்போவிலிருந்து ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கு, அங்கிருந்து பெர்ரியில் வந்துவிடலாம். சனிக்கிழமை மதியத்துக்குள் வந்தால் இரவு சேர்ந்தே பிசைவோம். எந்த வாரம் தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
மாலா