நாப்கின் பெட்டி: சனிக்கிழமை மாலை 5 மணி

அனைவருக்கும் வணக்கம்.

நம் பொது அரங்கின் பெண்கள் கழிப்பறையில் இலவச நாப்கின் பெட்டி வைக்கிறோம். வரும் சனிக்கிழமை, 14ஆம் தேதி, மாலை 5 மணிக்குத் தொடக்கம். போன கூட்டத்தில் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு பாதியில் வீட்டுக்கு ஓடியது நான்தான்!

1. வீட்டில் மிச்சமிருக்கும் நாப்கின்களைக் கொண்டு வாருங்கள். பிரித்த பாக்கெட்டும் சரி, ஒவ்வொன்றும் தனி உறையில் இருந்தால்.

2. எடுப்பவர் யாரிடமும் கேட்க வேண்டாம், பெயர் எழுதவும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2022 ஆகஸ்டிலிருந்து சட்டப்படியே இலவசம். நம்மால் முடிந்தது ஒரு பெட்டி.

3. மாதாமாதம் வாங்கி மாளவில்லை என்பவர்களுக்காக, அன்றே மாதவிடாய் கப் (ரத்தத்தைப் பிடிக்க உடலுக்குள் வைக்கும் சின்னக் கிண்ணம்), துணி நாப்கின் பற்றி அரை மணி நேரம் பேசுவோம். சிலிகான் கப் பல ஆண்டுகள் உழைக்கும். 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் கழுவ வேண்டும், மாதவிடாய் முடிந்ததும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். துணி நாப்கினைப் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, வெயிலில் காயவையுங்கள். யாரும் பார்த்துவிடுவார்கள் என்று கட்டிலுக்குப் பின்னால் ஈரத்தோடு ஒளிப்பதுதான் வம்பு.

4. மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று வேண்டும். யார் தருகிறீர்கள்?

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று பதில் போடுங்கள். குழுவில் கேட்கக் கூச்சமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அப்பாக்களும் வரலாம்.