ஸ்லாப் மூடுமுன் வாட்டம் பாருங்கள்

தமிழ்நாடு சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடிக்காரன். முப்பது வருஷமாகக் கட்டட வேலை. கொத்தனாராகத் தொடங்கி இப்போது மேஸ்திரி. அரசுப் பணத்தின் கணக்கைத் தணிக்கை அறிக்கை வழியாகப் பார்ப்பவர்கள் நீங்கள் என்பதால், மழைநீர் வடிகால் வேலையைப் பற்றிய இந்த மடல் உங்களுக்கு.

எங்கள் தொழிலில் வாட்டம் என்பார்கள். குளியலறையோ மொட்டை மாடியோ, தண்ணீர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் தளத்தைச் சரித்துவிடுவது. அது தப்பிவிட்டால் எத்தனை மூட்டை சிமெண்ட் கொட்டினாலும் வீண். வட சென்னையோ தட்டையான மண். 100 மீட்டர் வடிகாலில் 10 சென்டிமீட்டர் இறக்கம் கிடைப்பதே பெரிசு. அரைச் சாண் அளவு அது. அந்த இறக்கமும் தப்பிப்போனால், கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் போக வேண்டிய மழைநீர் வீட்டுவாசலுக்குத் திரும்பிவிடும்.

எங்கள் தெருவில் அதுதான் நடந்தது. புது வடிகால் போட்ட பிறகு வந்த முதல் பெரிய மழையில், தெருவின் நடுவிலிருந்த குழியின் மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பொங்கியது. எதிர்வீட்டு ஆயாவைக் கட்டிலோடு தூக்கி மாடியில் ஏற்றினோம். அந்த வடிகாலுக்குத் தோண்டின பள்ளம் திறந்து கிடந்த நாட்களில் தினமும் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போனேன். தேங்கின தண்ணீரை இறைக்காமலே காங்கிரீட் கொட்டினதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஆவணங்களை மட்டுமல்ல, நடக்கும் வேலையையே நேரில் பார்க்கவும் போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூட 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. அலுவலகத்தில் எம்-புக்கை, அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தை, எடுத்துக் காட்டினார்கள். நீளம், அகலம், ஆழம், கம்பியின் எடை எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. பில் போடத் தேவையான அளவுகள் அவை. லெவல் எடுத்த குறிப்பு, அதாவது வடிகாலின் அடித்தளம் எங்கே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கு, எங்கே என்று கேட்டேன். கோப்பில் இல்லை என்றார்கள். வாட்டத்துக்குத் தனியாகக் காசு கிடையாது, அதனால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

டெண்டர் விடுவதற்கு நம்மிடம் நல்ல சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும், 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தரச் சொல்கின்றன. யாருக்கு வேலை போனது, மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்பதுவரை அரசின் டெண்டர் இதழுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் இந்த வெளிச்சமெல்லாம் வேலை கைமாறும்வரைதான். மண்வெட்டி இறங்கிய பிறகு நடப்பது அளந்தவருக்கும் வேலை செய்தவருக்கும் மட்டுமே தெரிகிறது.

அதற்குப் பின் தணிக்கை வருகிறது. 2015 வெள்ளம் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அது மனிதரால் வந்த பேரிடர் என்று துணிச்சலோடு சொன்னது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில். அதற்குள் இரண்டு வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்துவிட்டது.

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாய்க்கு, 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் என்று திட்டம் போட்டார்கள். அத்தனை கிலோமீட்டரிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை, வடிகாலின் மேல் காங்கிரீட் ஸ்லாப் மூடிய பிறகு கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வட சென்னையில் எந்த வடிகாலாக இருந்தாலும், ஸ்லாப் மூடுமுன் இரண்டு முனையின் லெவலையும் தெருவாசிகள் முன்னால் எடுத்து எழுதி, அந்தத் தாள் இல்லாமல் இறுதி பில் தரக் கூடாது என்று அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். எஸ்டிமேட்டும் எம்-புக் பக்கங்களும் அதே தெருவில் ஒட்டப்பட வேண்டும். மக்கள் தணிக்கை புதிதல்ல. நூறு நாள் வேலையில் கிராம சபைக்கு அந்த உரிமையைச் சட்டம் கொடுத்தது. மேகாலயா 2017இல் அரசுத் திட்டங்களின் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் போட்டது. கிராமத்தில் குளம் வெட்டினால் கேள்வி கேட்கலாம், பட்டணத்தில் வடிகால் வெட்டினால் கேட்க முடியாது என்பது எந்த ஊர் நியாயம்?

கள ஆய்வுக்கு மாவட்டம் மாவட்டமாகப் போகிறீர்கள். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு காலைப் பொழுதை எங்களுக்கு ஒதுக்குங்கள். ஒரே ஒரு ஸ்லாப்பைத் தூக்க மட்டும் உத்தரவு வாங்கி வாருங்கள். தண்ணீர் நிரப்பி உயரம் பார்க்கும் டியூப் மட்டத்தை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
வியாசர்பாடி, சென்னை