ஓய்வைப் பற்றிப் பிரசங்கம் போதும், வேலையைக் குறையுங்கள்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம். பெண்கள் கூட்டத்தில் ஓய்வைப் பற்றிப் பேச யார் வந்தாலும் அநேகமாக மார்த்தாள், மரியாள் சம்பவத்தைத்தான் எடுப்பார்கள்: வீட்டுக்கு வந்த இயேசுவுக்காக மார்த்தாள் வேலையில் ஓடிக்கொண்டிருக்க, அவள் சகோதரி மரியாள் அவர் பாதத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 'நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்' என்று மார்த்தாளிடம் இயேசு சொன்னதை வாசித்துவிட்டு, 'நீங்களும் மரியாளைப்போல ஆண்டவர் பாதத்தில் அமருங்கள்' என்பார்கள். நல்ல செய்திதான். ஆனால் கூட்டம் முடிந்ததும் பந்தி பரிமாறுவது யார்? அந்தச் செய்தியைக் கேட்டுக் கண் கலங்கிய அதே பெண்கள்தான்.

ஞாயிறு ஆராதனையின் கடைசி ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இறுதி ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடியதும், பின்வரிசையிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் எழுந்து போவார்கள். தேநீர் சூடாக இருக்க வேண்டுமே! நீங்கள் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறும்போது அவர்கள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பல வருடங்களாக ஆசீர்வாதத்தைக் கேட்காமலே வீட்டுக்குப் போகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'ஊழியத்தில் வைராக்கியமுள்ள சகோதரி' என்று பெயர் வேறு.

பத்துக் கட்டளைகளில் உள்ள ஓய்வுநாள் கட்டளையைத் திரும்ப வாசித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். களைத்துப்போனவனைப் பார்த்து 'போய்ப் படு' என்று சொல்வதோடு அது முடியவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் வரை பட்டியல் போடுகிறது. பிறரை வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறவனைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்ல முடியும். உபாகமம் 5:14 இன்னும் நேராகவே பேசுகிறது: வேலைக்காரனும் வேலைக்காரியும் 'உன்னைப்போல' இளைப்பாற வேண்டும். அடுத்த வசனம், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தானே, அதை நினைத்துக்கொள் என்கிறது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்த காலத்திலும் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்து, சுடுவதையும் வேவிப்பதையும் அன்றைக்கே முடித்துவிடச் சொன்னார்கள். யாத்திராகமம் 35:3 ஓய்வுநாளில் வீடுகளில் நெருப்பு மூட்டவே வேண்டாம் என்கிறது. அதாவது, அடுக்களைக்கும் விடுமுறை.

நாம் மோசேயின் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லவே என்பீர்கள். சரி. ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்ற வாதத்துக்கும் நான் வரவில்லை. அதைப் பேச உட்கார்ந்தால் பாத்திரம் கழுவுகிறவள் கழுவிக்கொண்டே இருப்பாள். நான் சொல்வது இவ்வளவுதான்: எங்கள் ஓய்வு எங்கள் கையில் மட்டும் இல்லை, பெரும்பங்கு உங்கள் கையில் இருக்கிறது.

அப்புறம், குணசாலியான பெண்ணைப் புகழும் அந்த நீதிமொழிகள் 31. அன்னையர் தினம் வந்தால் தப்பாமல் வரும். இருட்டோடே எழுகிறாள், இரவில் அவள் விளக்கு அணைவதில்லை என்று அழுத்தி வாசிப்பீர்கள். இருட்டோடே எழும் அதே 15-ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருப்பதை யாரும் அழுத்தி வாசித்து நான் கேட்டதில்லை. எபிரெய எழுத்துகளின் வரிசைப்படி 22 வசனங்களில் அமைந்த கவிதை அது. ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதையும் புகழ்ந்து பாடியதை ஒரே நாளின் கால அட்டவணையாக்கினால் யாரால் தாக்குப்பிடிக்க முடியும்?

உயிருக்குத் தப்பி ஓடிக் களைத்த எலியா தீர்க்கதரிசியைக் கர்த்தர் நடத்திய விதத்தைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ், 'போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்று படுத்தவனுக்குக் கிடைத்தது கண்டிப்பு இல்லை. தூக்கம், அப்பம், தண்ணீர், மறுபடியும் தூக்கம், மறுபடியும் அப்பம். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான். சோர்ந்துபோன சகோதரியிடம் நாம் முதலில் கேட்பதோ, 'ஜெபம் குறைந்துவிட்டதா?'

ஏன் அவர்களே முடியாது என்று சொல்லக்கூடாது? நியாயமான கேள்விதான். 'கர்த்தருக்காக இதைச் செய்யமாட்டீர்களா சகோதரி?' என்று கேட்டால், அதற்கு முடியாது என்று எந்த வாயால் சொல்வது? மறுப்பவள் உங்களையா மறுக்கிறாள், ஆண்டவரையே மறுப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். தயவுசெய்து அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். திருமணமாகாதவர்களுக்கும் விதவைகளுக்கும் நேரம் நிறைய இருக்கும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். வேலைக்குப் போய், முதிய பெற்றோரையும் தனியாகத் தாங்குகிறவர்கள் அவர்களில் உண்டு.

ஞாயிறு பள்ளியோ பாடகர் குழுவோ, எந்தப் பொறுப்பையும் முடியும் தேதியோடு கொடுங்கள். அந்தத் தேதி வந்ததும் நீங்களே கூப்பிட்டு விடுவியுங்கள். பெண்களுக்குப் புதிதாக ஒரு கூட்டம் வைத்தால் பழையது ஒன்றை எடுத்துவிடுங்கள். விருந்துக்குப் பிறகு பாத்திரம் கழுவும் முறையில் ஆண்களின் பெயர்களும் வரட்டும், முதல் வரியில் உங்கள் பெயர். ஒரு சகோதரி இந்த முறை முடியாது என்றால் காரணம் கேட்காதீர்கள்.

அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்துக்குத் தேநீர் போடப் பெண்களைக் கூப்பிட வேண்டாம்.

கிறிஸ்துவுக்குள்,
சபையின் சகோதரி ஒருத்தி