ஓவர் கிலோவும் ஒரு சமன்பாடும்

கொட்டகலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. கிளிநொச்சியில் உன் தரம் 10 பிள்ளைகள் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் மளமளவென்று தீர்க்கிறார்கள், அதையே வசனமாகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்றாய். இங்கே மலையிலும் இத்தனை வருடம் நான் பார்த்தது அதைத்தான். போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் சிக்னல் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

எடுத்தவுடன் எக்ஸ் போட விடாதே. முதலில் கணக்கை இரண்டு தரம் வாசிக்க வை. அப்புறம் இரண்டு கேள்வி கேள். ஒன்றுமே நடக்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய காசு எவ்வளவு? தூரமோ கிலோவோ ஒன்றால் கூடினால் காசு எவ்வளவு கூடும்? முதல் விடை வெட்டுத்துண்டு, அதாவது வரைபில் கோடு தொடங்கும் இடம். இரண்டாவது படித்திறன், அதாவது கோட்டின் சரிவு. அந்தப் பெயர்களைக்கூட பிறகு சொன்னால் போதும்.

சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு வாடகை வான் பேசுவோமே, அதுதான் என் வகுப்பில் முதல் கணக்கு. ஒரு வான்காரர் வண்டியை எடுக்க 6000 ரூபா, ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 100 கேட்கிறார் என்று வைத்துக்கொள். செலவு = 6000 + 100 × தூரம். இன்னொருவர் 3000 போதும், கிலோமீற்றருக்கு 150 என்கிறார். செலவு = 3000 + 150 × தூரம். யார் மலிவு? பிள்ளைகள் உடனே 3000 என்பார்கள். இரண்டையும் சமப்படுத்தினால் 60 கிலோமீற்றர் வரும், அங்கே இருவருக்கும் 12,000 ரூபா. அதற்குள் திரும்பிவிட்டால் இரண்டாமவர் மலிவு, தாண்டினால் முதலாமவர். கொட்டகலையிலிருந்து நல்லதண்ணி போய்வர 60-ஐத் தாண்டும். முதலில் வாங்குகிற காசை மட்டும் பார்த்து வான் பேசக் கூடாது என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை தானாகவே சொல்லும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே.

சரி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது இந்தச் சமன்பாட்டுப் பாடம் புதிதாக வந்தது. அந்த மாதம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த என் அம்மாவின், அதாவது உன் அம்மாயியின், சம்பளத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு நானே சமன்பாடு எழுதினேன். அன்றைய காசு வேறு, உனக்குப் புரிவதற்காக அண்மைக்காலத் தொகையிலேயே எழுதுகிறேன். 2024-இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ஆனதல்லவா? ஓவர் கிலோவுக்கு 50 என்று வைத்துக்கொள். சம்பளம் = 1350 + 50 × கிலோ என்று எழுதினேன். 26 கிலோ எடுத்த நாளுக்கு 2650 வந்தது. துண்டில் இருந்ததோ 1750. ஒரு நாளுக்கு 900 ரூபா வெட்டியிருக்கிறார்கள் என்று அம்மாயியிடம் சொன்னேன். கணக்குப் போட்ட தாளையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அம்மாயி அத்தனை பேர் நின்ற சம்பள வரிசையில் நின்று, அந்தத் தாளை நீட்டிக் கேட்டார். முழுப்பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ எடுக்க வேண்டும், அந்த 18 கிலோவும் நாட்சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், அதற்கு மேல் எடுப்பதுதான் ஓவர் கிலோ என்று எல்லோர் முன்னாலும் உரத்த குரலில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து தாளை என்னிடம் கொடுத்து, "மறுபடி போட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னார். 18 கிலோ கணக்கு அம்மாயிக்குத் தெரியாததா? அவ்வளவு காலம் கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று, தனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மறுபடி போட்டேன். சம்பளம் = 1350 + 50 × (கிலோ − 18). 26 கிலோவுக்கு எட்டுக் கிலோதான் ஓவர், 1750 சரியாக வந்தது. அடைப்புக்குறியை நீக்கினால் 450 + 50 × கிலோ. இந்த இடத்தில் வகுப்பை நிறுத்து. வெட்டுத்துண்டு 450. கொழுந்தே எடுக்காத ஒருவருக்கு 450 ரூபா கிடைக்குமா? கிடைக்காது. 18-க்குக் கீழே இந்தக் கோடே செல்லாது, அங்கே அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளக் கணக்கு வேறு. அதனால் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் 'கிலோ 18 அல்லது அதற்கு மேல்' என்று எழுதாத பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி கொடுத்ததே இல்லை. அந்த ஒரு வரியை எழுதாததால்தான் அம்மாயி வரிசையில் நின்றார்.

நேரம் இருந்தால் இதையும் கேள்: 2021-இல் நாட்சம்பளம் 1000. ஓவர் கிலோ விலையும் 18 கிலோவும் மாறாமல் நாட்சம்பளம் மட்டும் 1350 ஆனால் கோடு என்ன ஆகும்? படித்திறன் மாறாது, கோடு அப்படியே 350 மேலே ஏறும். வரைந்து பார்க்க வை, சொன்னால் பதியாது.

ஆனால் கிளிநொச்சிப் பிள்ளைகளிடம் கொழுந்துக் கணக்கைக் கொண்டுபோகாதே. அவர்கள் வீட்டில் நெல் வெட்டுகிற மிஷினுக்கு எப்படிக் கூலி பேசுகிறார்கள், ஏற்றி இறக்க லொறிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று அவர்களையே கேட்டுவரச் சொல். அப்பா அம்மா வாயிலிருந்து வருகிற கணக்கில் 'இத்தனைக்குள் அடக்கம்', 'அதுக்கு மேல தனி' என்ற பேச்சு கட்டாயம் இருக்கும். அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட வை.

பிள்ளைகள் எழுதிவரும் கணக்குகளை லீவுக்கு வரும்போது கொண்டுவா. அம்மாயிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான் வாசித்துக் காட்டுகிறேன். சரியா பிழையா என்று அவரே சொல்லட்டும்.

குளிர் சட்டை இரண்டையும் இங்கேயே விட்டுப் போயிருக்கிறாய். அங்கே தேவைப்படாது, வரும்போது போட்டுக்கொள்ள எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா